கடைசி ஸ்டேஷன் தஞ்சோங் மாலிம்

மலேசியாவில், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் என் சித்தப்பா மகள் பூக்கடை வைத்திருக்கிறாள். நான் போய் இறங்கிய அன்று கடையில் பூவைவிடக் காகிதம்தான் அதிகம் கிடந்தது. அவள் மகள் ஆறாம் படிவம் முடித்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வும் எழுதிவிட்டாள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முதல் வரியில் எதை எழுதுவது என்று வீட்டில் ஒரு வாரமாக இழுபறி. ஒன்று, கெடாவில் தாய்லாந்து எல்லையோரம் காட்டுக்குள் இருக்கும் சிந்தோக். உத்தாரா மலேசியா பல்கலைக்கழகத்தில் கணக்கியல். இன்னொன்று, பேராக்கின் தென்கோடிச் சிற்றூர் தஞ்சோங் மாலிம். சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழாசிரியர் படிப்பு. இரண்டும் அரசாங்கத்தது.

"ஃபீஸ்ல பெருசா வித்தியாசம் இல்லண்ணே," என்றாள் தங்கை, நாரைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே. "பிடிபிடிஎன் கடன் ரெண்டுக்கும் கெடைக்கும். பஸ்ஸு, ரயிலு, ஒரு அவசரம்னா நான் ஓடிப் போய்ப் பாக்குறது... அதுதான் இடிக்குது."

பிடிபிடிஎன் என்பது 1997இல் அரசு தொடங்கிய உயர்கல்விக் கடன் நிதி. ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம். முதல் வகுப்பில் தேறினால் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். கல்விக் கடன் வாங்கிய நம்மூர் வீடுகளுக்கு வரும் நோட்டீஸ்களைப் பார்த்தவன் நான். நம்பாமல் இரண்டு முறை விசாரித்தேன்.

மறுநாள் "சும்மா பாத்துட்டு வரலாம் மாமா" என்று மகள் என்னைக் கொமுட்டரில் ஏற்றினாள். எனக்கு அதிசயமே அந்த ரயில்தான். அம்மாவின் கடைக்குப் பக்கத்தில் ஏறினால் வண்டி மாறவே வேண்டாம். கிள்ளான் துறைமுகத்திலிருந்து கிளம்பும் பாதையின் மறுமுனையே தஞ்சோங் மாலிம். சிந்தோக்கோ 400 கிலோமீட்டருக்கும் அப்பால்.

நடுவில் கேஎல் சென்ட்ரல், அதாவது பிரிக்ஃபீல்ட்ஸ். செங்கற்சூளைகளால் பெயர் பெற்று, பிறகு ரயில்வேக்காரர்களின் குடியிருப்பாக வளர்ந்த இடம். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்து வந்தவர்கள் இந்த ரயில்வேயில் எழுத்தர்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் அமர்ந்தார்கள். தமிழ்நாட்டில் எங்கள் பக்கத்திலிருந்து கைநாட்டு வைத்துக் கப்பலேறியவர்கள் தண்டவாளம் போட்டார்கள், பால்மரம் சீவினார்கள். பேசியது இருவரும் தமிழ்தான்.

ராவாங் தாண்டியதும் நகரம் மெலிந்து பச்சை ஏறியது. தஞ்சோங் மாலிமில் 1922இல் மலாய் ஆசிரியர்களுக்காகத் திறந்த பயிற்சிக் கல்லூரிதான் 1997இல் பல்கலைக்கழகமானது. முன்பெல்லாம் இங்கே இடம் கிடைத்தாலே வாத்தியார் வேலை கிடைத்த மாதிரி என்பார்களாம். இப்போது கல்விச் சேவை ஆணையத்தின் நேர்முகத்தைத் தாண்ட வேண்டும். நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உண்டு. ஆனால் தோட்டப்புறத்துப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பக்கம், கணக்கியல் பட்டத்தோடு மூன்றாண்டு அனுபவம் சேர்ந்தால் மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிந்துகொள்ளலாம்.

என்னைக் கேட்டிருந்தால் சிந்தோக் என்றிருப்பேன். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் சொந்த மகளுக்குக் கல்லூரி பார்த்தபோது டவுன் பஸ் நேரத்தைத்தான் முதலில் விசாரித்தவன்.

தஞ்சோங் மாலிம் ஆவியில் வெந்த பாவு பன்னுக்குப் பேர்போனது. சுடச்சுட இரண்டு வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்தோம். எதிர்ப்பக்கம் வடக்கே பாடாங் பெசார் போகும் இடிஎஸ் ரயில் வந்து நின்றது.

"இதுல ஏறுனா மாமா, சாயங்காலத்துக்குள்ள கெடா," என்றாள். கதவு மூடி வண்டி நகரும்வரை அவள் பாவைக் கடிக்கவில்லை.