பற்றரியைக் குறை சொல்லுமுன்

முல்லைத்தீவுக் கரையில் படகின் விளக்கு மங்கினால், பழி முதலில் விழுவது பற்றரிமேல்தான். கடன்பட்டுப் புதியது வாங்கிப் பூட்டுவார்கள். சில நாளில் அதுவும் இறங்கிவிடும். இந்த வீண்செலவைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. பற்றரி ஒரு தொட்டி மட்டுமே. நிரப்புகிற வேலை ஓல்டனேற்றருடையது.

வன்னிக்கு இது புதிய பாடமல்ல. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பற்றரி வரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட ஊர் இது. டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோ கேட்பது நேரோட்டம், இடையில் டயோட் வேண்டும் என்பதெல்லாம் அப்போது கைகளுக்கே தெரிந்திருந்தது. ஓல்டனேற்றரிலும் அதே கதைதான்: சுழற்சியில் ஆடலோட்டம் பிறக்கும்; உள்ளிருக்கும் டயோட்கள் அதை நேரோட்டமாக்கும். சிறிய படகின் வெளியிணைப்பு இயந்திரத்தில் பிளைவீலுக்குக் கீழேயுள்ள சுருளும் றெக்டிபயரும் இந்த வேலையைச் செய்கின்றன.

ஆகவே காசை எடுக்குமுன் மீற்றரை எடுங்கள். இயந்திரம் நின்றிருக்க, நிறைந்த 12 வோல்ற் பற்றரி 12.6 அளவில் காட்டும், 12.2 என்றால் பாதிதான். இயந்திரம் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில் நிற்க வேண்டும். ஏறவில்லையென்றால், பெல்ற்றால் சுழலும் ஓல்டனேற்றரில் முதலில் பெல்ற்றைப் பாருங்கள். தளர்ந்து வழுக்கும் பெல்ற் கறுப்புப் பொடி உதிர்த்திருக்கும். அடுத்தது வயர். உப்புக்காற்று செம்பை உறைக்குள்ளேயே பச்சை பூக்க அரித்துவிடும். வெளியே வயர் நல்லதாகவே தெரியும். இயந்திரம் ஓட, மீற்றரின் ஒரு முனையை ஓல்டனேற்றரின் பிளஸிலும் மற்றதைப் பற்றரியின் பிளஸிலும் வையுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் மின்சாரம் வழியிலேயே தொலைகிறது. எர்த் பக்கத்தையும் அப்படியே அளக்க வேண்டும். பல ஓல்டனேற்றர்களுக்குத் தொடக்கக் காந்தம் சார்ஜ் விளக்கின் வழியாகத்தான் கிடைக்கிறது. அந்தச் சின்ன பல்ப் போய்விட்டால் பழுதில்லாத ஓல்டனேற்றரும் வீணாகச் சுற்றும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஓடும் இயந்திரத்தில் பற்றரி வயரைக் கழற்றிச் சோதிப்பது. வோல்ற்றளவு சட்டென எகிறி டயோட்கள் கருகிவிடலாம்.

இரவில் வலை விட்டுக் கிடக்கும் படகுக்கு விளக்கும் ஜிபிஎஸ்ஸும் உயிர்க்காப்பு. ஒரு பற்றரியின் விலையில் பல மீற்றர்கள் வாங்கலாம். ஒவ்வொரு கடற்றொழிலாளர் சங்கமும் ஒரு மீற்றரையும், அதைக் கையாளப் பழகிய ஓர் இளைஞரையோ பெண்ணையோ கரையில் வைத்திருக்க வேண்டும்.