அண்டையை விழுங்கும் உயிரணு

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் இருப்புப் பாதையில் மீஞ்சூர் என்னும் ஊர் உள்ளது. ஏகாம்பரநாதர் கோயிலும் வரதராசப் பெருமாள் கோயிலும் ஒருங்கே அமைந்திருத்தலால், இதனை வடகாஞ்சி என்றும் வழங்குவர். அங்குக் கடைத்தெருவில் விற்கும் வாழைச் சீப்பில் ஒன்றிரண்டு பழங்கள் அளவுக்கு மீறிக் கனிந்துவிட்டால், எங்கிருந்தோ சிறு ஈக்கள் வந்து மொய்க்கும். எள்ளளவே உடல், சிவந்த கண்கள். ஓட்டினால் பறக்கும், மீண்டும் அங்கேயே வந்து அமரும். பழம் விற்கும் மூதாட்டி துணியால் விசிறி விரட்டுவாள். அச்சிற்றுயிர்க்கு உலகோர் தரும் மதிப்பு அவ்வளவே.

அறிவியலாரோ அதனை நூறாண்டுக்கும் மேலாகப் பேணி வளர்த்து வருகின்றனர். தாமஸ் ஹண்ட் மார்கன் 1910-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் வெண்கண் ஈ ஒன்றைக் கண்டு, அதன் வழியே மரபியலில் புதுநெறி வகுத்தார். நம் நாட்டில் ஒபைது சித்திக்கி, மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இவ்வீ மணமும் சுவையும் அறியும் திறத்தை ஆராய்ந்தார். முட்டையானது ஏறத்தாழப் பத்தே நாட்களில் ஈயாகிவிடுதல் ஆராய்வோர்க்குப் பெரும் வசதி.

ஈயாவதற்கு முன் புழுவாய் இருக்கும் பருவத்தில், அதன் உடலுக்குள் சிறு தட்டுப் போன்ற திசு ஒன்று இருக்கும். பின்னர்ச் சிறகாவது அதுவே. முதலில் ஏறத்தாழ 50 உயிரணுக்களே கொண்ட அத்தட்டு, சில நாட்களில் 50,000 அளவுக்குப் பெருகும். இத்துணை விரைந்து பெருகும் கூட்டத்தில் சில அணுக்கள் பழுதுறுதல் இயல்பு. அவற்றின் கதி யாது?

கினேஸ் மொராத்தா, பெத்ரோ ரிப்போல் என்னும் ஸ்பெயின் நாட்டு அறிஞர் இருவர் 1975-இல் இதற்கு வியப்பான விடை கண்டனர். 'மினிட்' எனப்படும் ஒருவகை ஈக்கள் உண்டு. புரதம் சமைக்கும் உறுப்பாகிய ரைபோசோமுக்குரிய மரபணுப் படிகள் இரண்டனுள் ஒன்று அவற்றுக்குக் குறைவு. அவை மெல்ல வளரும், மயிர்முட்கள் மெலிந்திருக்கும், எனினும் உண்டு, பறந்து, இனம் பெருக்கி வாழும். ஆயின், அத்தகைய அணுக்கள் நலமுள்ள அணுக்களின் நடுவே அமைந்தால் சில நாட்களில் மறைந்துபோகும். தனித்து வாழ்ந்தால் முழு ஈயாகத் தக்க அணு, வலிய அண்டையார் வாய்த்தமையால் மாண்டது! இதற்கு 'உயிரணுப் போட்டி' என்று பெயர். பெயர் முற்றும் பொருத்தமோ என்பது ஐயமே. பந்தயத்தில் தோற்றவன் வீடு திரும்புவான்.

சாகும் அணு, தன் மென்படலத்தின் உட்புறத்தே மறைந்திருந்த ஒரு கொழுப்புப் பொருளை வெளிப்புறம் காட்டும். அண்டை அணுவின்மேல் உள்ள 'டிரேப்பர்' என்னும் ஏற்பி அவ்வடையாளத்தை அறியும். உடனே அவ்வணு தன் படலத்தை நீட்டி, இறப்பதைச் சூழ்ந்து, உள்வாங்கி, அமிலம் நிறைந்த பையில் இட்டுச் செரித்துவிடும். விழுங்குவோர் உதவியின்றி மெலிந்தவை ஒழிவதில்லை என்று வெய் லி, நிக்கோலஸ் பேக்கர் ஆகியோர் 2007-இல் எழுதினர். அன்று, சாவு முன்னரே நிகழ்கிறது. உடலங்களை விழுங்குபவை குருதியணுக்களே என்று எதுவார்தோ மொரேனோ குழுவினர் 2012-இல் மறுத்தனர்.

இவ்வாராய்ச்சி ஈயோடு நிற்பதன்று. 'ஸ்கிரிபிள்' என்னும் மரபணுவை இழந்த அணுக்கள் ஒழுங்கு குலையும். திசு முழுவதும் அவையேயானால் கட்டியாய் வளரும். நலமுள்ளவற்றின் நடுவே சில மட்டும் தோன்றினால், அண்டை அணுக்கள் அவற்றை விழுங்கி அகற்றுவதை ஜப்பானியர் 2011-இல் காட்டினர். அங்கே அண்டையர் காவலர். ஆனால் 2004-இல் வெளிவந்த ஆய்வுகள் வேறொன்றையும் காட்டின. மனிதரின் புற்றுநோய் பலவற்றில் மிகுந்து காணப்படும் 'மிக்' என்னும் புரதம் சில அணுக்களில் மிகுந்தால், அவை தம் அருகிலுள்ள குற்றமற்ற அணுக்களையே கொன்று அவ்விடத்தைப் பற்றிக்கொள்ளும். இத்தனையும் நிகழ்ந்த பின்னும் சிறகின் அளவு மாறுவதில்லை. வெளியிலிருந்து நோக்குவார்க்கு அதில் யாதொரு குறையும் தோன்றாது.