வாடகை வெயிலும் சொந்த வெயிலும்

வீட்டு மாடியில் சோலார் தகடு பதிக்கும் தொழிலில் இருப்பவனிடம் ஜனங்கள் முதலில் விசாரிப்பது விலையைத்தான். அதற்கடுத்து, சொந்தமாக வாங்குவதா, வாடகைக்கு வைத்துக்கொள்வதா என்ற சந்தேகம் எழும். இரண்டுக்கும் பதில் சொல்லுமுன் அந்த வீட்டின் ஒரு வருஷத்து மின்கட்டண விவரத்தை நான் வாங்கிப் பார்ப்பது வழக்கம். ஏனென்றால் ஓர் ஊரின் மாடிகளில் எல்லாம் வெயில் ஏறக்குறைய ஒன்றுபோலவே காய்ந்தாலும், அந்த வெயில் எத்தனை ரூபாய் பெறும் என்பது வீட்டுக்கு வீடு மாறுபடுகிறது.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படும் வீட்டு மின்சாரத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 400 யூனிட் வரை ஐந்து ரூபாய்க்குள் அடங்கும் விலை, 500-ஐத் தாண்டியபின் எட்டு ரூபாய்க்கு மேலும், 1000-ஐத் தாண்டியபின் பதினொரு ரூபாய்க்கு மேலும் ஏறிவிடுகிறது. ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட், அதாவது இரண்டு மாதத்தில் சுமார் 240 யூனிட் தரும். 900 யூனிட் செலவழிக்கும் வீட்டில் முதல் கிலோவாட் கழிப்பது உச்சப்படியில் நிற்கும் ஒன்பது, பத்து ரூபாய் யூனிட்டுகளை. மூன்றாவது கழிப்பதோ பெரும்பாலும் ஐந்து ரூபாய்க்குக் குறைந்தவற்றை. ஆசைப்பட்டு நான்காவதையும் ஏற்றினால், அதில் பாதிக்குமேல் எப்படியும் பணம் கட்டவேண்டியிராத யூனிட்டுகளின் மேலேயே போய் விழும். ஆகவே, வாடகைக்கு வைப்பவர் யூனிட்டுக்கு இன்ன விலை என்று சொன்னால், அது எந்தப் படியில் உள்ள யூனிட்டை நீக்குகிறது என்று பார்த்து ஒப்பிடுவதே விவேகம்.

பால் வாங்குவதற்கும் மாடு கட்டுவதற்கும் உள்ள பேதம்தான் இதிலும். வாடகை என்பது முதலுக்குக் கொடுக்கும் வட்டி மாத்திரமன்று. பராமரிப்பைப் பிறர் தலையில் வைப்பதற்குக் கொடுக்கும் கூலியும் அதில் அடக்கம். தகட்டின் கீழ் விளிம்பில் பனியும் புழுதியும் கலந்து காய்ந்து, சட்டத்தை ஒட்டி ஒரு சேற்றுக்கரை படியும். விரற்கடை அகலமே ஆயினும் அது கீழ் வரிசைச் செல்களை மறைப்பதால் தகடு முழுவதின் உற்பத்தியும் குன்றிவிடும். தகட்டுக்கு 25 வருஷ உத்தரவாதம் கிடைத்தாலும், இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறையேனும் மாற்ற நேரிடும். இவற்றையெல்லாம் சிரத்தையாகக் கவனிக்கக்கூடியவருக்குச் சொந்தமே லாபம். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மத்திய மானியம் உண்டாதலால், முதலின் பாரமும் பெரிதும் குறைகிறது. வாடகை ஒப்பந்தமானால், அந்த மானியம் யார் கணக்கில் சேர்கிறது என்பதையும், வாடகை வருஷந்தோறும் உயருமா என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும்; தகட்டின் விளைச்சல் வருஷந்தோறும் சிறிது இறங்குவது நிச்சயம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "தம்பி, மாடி ஏறித் துடைக்க என் முட்டி ஒத்துழைக்காது, வாடகைக்கே வச்சுடுங்க" என்றார்.

"சார், மேலே ரூம் எடுக்கிற உத்தேசம் ஏதாவது இருக்கா?"

"பையன் கல்யாணத்துக்குள்ள எடுத்துடணும்."

அவர் கையிலிருந்த ஒப்பந்தமோ இருபது வருஷத்துக்கு மாடியைக் கட்டிப்போடுவது. இடையில் தகடுகளைக் கழற்றி மாட்டும் செலவு அவரைச் சேர்ந்தது. அந்த ஷரத்தை வாசித்துக் காட்டியதும், அவர் சொந்தமாக இரண்டு கிலோவாட் போட்டுக்கொண்டு, துடைப்பதற்கு ஓர் ஆளை அமர்த்திக்கொண்டார். மாடியின் எதிர்காலம் ஸ்திரமாகி, கையில் முதலில்லாமலும் பராமரிக்க ஆளில்லாமலும் இருப்பவருக்கு வாடகை தகும் என்பதே என் அபிப்பிராயம்.

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்காரரும் என்னைத் தேடி வருவதுண்டு. அவருக்கு இரண்டும் வேண்டாம். 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிகளைக் கழற்றிவிட்டு, ஏறக்குறைய 30 வாட்டில் அதே காற்றைத் தரும் பி.எல்.டி.சி. விசிறிகளை மாட்டச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.