துப்பறிவோனும் கனவான் வீடும்

பொலிஸ் சேவை தோன்றிய காலத்தைக் களமாகக் கொண்டு பிற்காலத்தவர் எழுதும் துப்பறியும் நாவல்கள் ஆங்கிலத்தில் இன்று தனியொரு வகையாகவே வளர்ந்துள்ளன. கைரேகையும் இரத்தப் பரிசோதனையும் அறியாத உலகில், கண்ணையும் காதையும் மட்டுமே நம்பி ஒருவன் குற்றவாளியைக் காண்பதே இவற்றின் கவர்ச்சி என்பர். இது பாதி உண்மையே. அக்காலத் துப்பறிவோனை விஞ்ஞானத்தின் குறைபாட்டினும் அதிகமாகத் தடுத்தது வேறொன்று: எவருடைய வீட்டினுள் அவன் நுழையலாம், எவரைச் சந்தேகிக்கலாம் என்ற கேள்வி.

1829 இல் உள்நாட்டு அமைச்சர் றொபேட் பீல் இலண்டன் பெருநகரப் பொலிஸ் படையை நிறுவியபோது ஆங்கிலேயர் அதனை மகிழ்ந்து வரவேற்றனரல்லர். பிரான்சின் ஒற்றர் முறை தம் நாட்டிலும் வேரூன்றிவிடுமோ என்ற அச்சம் அவர்களிடையே பரவியிருந்தது. இராணுவத்தின் செந்நிறத்தை நினைவூட்டாதிருத்தற்பொருட்டே காவலருக்கு நீல உடை அளிக்கப்பட்டது. 1833 இல் பொப்பே என்ற சார்ஜன்ட் மாறுவேடத்தில் அரசியற் சங்கமொன்றினுட் புகுந்திருந்தமை வெளியாகவே, பாராளுமன்றக் குழுவொன்று அதனைக் கண்டித்தது, அவர் பதவியிழந்தார். சீருடையற்ற துப்பறியும் பிரிவு தோன்றுவதற்கு 1842 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பொழுதும் நியமிக்கப்பட்டவர் எட்டுப் பேரே.

அவ்வெண்மருள் ஒருவர் ஜொனதன் விச்சர். தோட்டக்காரர் ஒருவரின் மகன். 1860 யூன் மாத இறுதியில் வில்ட்ஷயரின் எல்லையிலுள்ள றோட் என்னும் கிராமத்தில், தொழிற்சாலைப் பரிசோதகரான சாமுவேல் கென்ட்டின் மூன்று வயது மகன் இரவிலே தொட்டிலினின்று எடுத்துச் செல்லப்பட்டுக் கழுத்து அறுக்கப்பட்ட நிலையில் வேலையாட்களின் மலகூடக் குழியிற் காணப்பட்டான். இரு வாரங்கள் கழிந்து அங்கு அனுப்பப்பட்ட விச்சரின் கவனம் ஓர் அற்பப் பொருளிற் சென்றது. மூத்த தாரத்து மகளாகிய பதினாறு வயதுக் கொன்ஸ்டன்ஸின் துணிப்பட்டியலில் மூன்று இரவாடைகள் இருந்தன. பெட்டியிலோ இரண்டே இருந்தன. அவளை அவர் கைது செய்தார். ஒரு வாரத்தில் அவள் விடுவிக்கப்பட்டாள். இல்லாத ஆடையொன்றை நீதவான்களுக்கு முன் எவ்வாறு சான்றாக நிறுத்துவது? நற்குடும்பப் பெண்ணொருத்தியின் உள்ளாடைகளைக் கூலிக்கு வந்த ஒருவன் எண்ணிப் பார்த்தானே என்பதே பத்திரிகைகளின் சீற்றமாயிற்று. விச்சர் 1864 இல் ஓய்வுபெற்றார். 1865 இல் கொன்ஸ்டன்ஸ் தானாகவே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். அதனை அவள் தனித்தே செய்தாளா என்பதிற் சிலர் இன்றும் ஐயுறுவர்.

இந்நிகழ்ச்சியின் நிழல் வில்கி கொலின்ஸ் 1868 இல் வெளியிட்ட ‘சந்திரகாந்தக் கல்’ நாவலில் விழுந்திருப்பதை எவரும் மறுப்பதில்லை. காணாமற்போன இரவாடை அங்கும் உண்டு. சார்ஜன்ட் கஃப் விச்சரின் சாயலே. கதை நிகழ்வதோ 1848 இல். துப்பறியும் பிரிவுக்கு அப்போது ஆறே வயது. ஆகவே நாம் இங்கு பேசும் வகைக்கு அந்நாவலையே மூதாதை எனலாம். 1799 இல் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையினுட் புகுந்து வைரத்தைக் கொள்ளையிட்டவன் கதாநாயகி றேச்சலின் தாய்மாமன். அவளோ தன் துணிப்பெட்டியைச் சார்ஜன்ட் திறந்து பார்ப்பதற்கு உடன்படாள்! ஆனால், கொன்ஸ்டன்ஸின் ஒப்புதலை அறிந்திருந்தும் கொலின்ஸ் கதையைத் தலைகீழாக்குகிறார். மெய்வாழ்விலே மகள் குற்றவாளி. நாவலிலே அவள் மாசற்றவள். கஃப் தவறாகச் சந்தேகித்துப் பணம் கொடுத்து அனுப்பப்படுகிறார்; பின்னர் உண்மைக் குற்றவாளியின் பெயரை முத்திரையிட்ட கடிதத்தில் எழுதிக் கொடுத்து மானம் காக்கிறார். வாசகரின் மனச்சாந்திக்கு விச்சரின் உண்மை விலையாயிற்று.

அண்மைக்கால ஆசிரியர் இச்சங்கடத்தை வேறு வழிகளிற் கடப்பர். லின்ட்சி ஃபே 2012 இல் எழுதிய ‘கொதமின் தெய்வங்கள்’ நாவல், 1845 இல் நியூயோர்க் பொலிஸ் தோன்றிய வேளையை எடுத்துக்கொள்கிறது. சீருடை வேலைக்காரரின் உடையை ஒத்தது என வெறுத்துச் செப்பு நட்சத்திரத்தை மட்டும் அணிந்த காவலர் அதில் உயிர்பெறுகின்றனர். கதாநாயகனின் மனச்சான்றோ பெரிதும் நம் நூற்றாண்டுக்குரியது. ஆன் பெரி 1979 இல் வெளியிட்ட ‘கேற்றர் வீதித் தூக்குக்காரன்’ இன்னும் சாமர்த்தியமானது. இன்ஸ்பெக்டர் பிற் பண்ணைக் காவலன் ஒருவனின் மகன். எனினும் பிரபுவின் பிள்ளையுடன் சேர்ந்து கற்றமையாற் கனவான்களின் உச்சரிப்பு அவருக்கு வாய்த்திருக்கிறது. அந்நாவில் ஏறியே அவர் வரவேற்பறைக்குள் நுழைகிறார். அவ்வீட்டு மகளின் உள்ளத்தையும் வெல்கிறார். வர்க்கச் சுவரை ஆசிரியை இடிக்கவில்லை. அதில் ஒரு சாளரத்தைத் திறந்து தம் நாயகனை மட்டும் உள்ளே அழைத்துக்கொள்கிறார். வாசிப்பதற்கு இன்பமாகவே இருக்கிறது என்பதையும் கூறத்தான் வேண்டும். அந்நாவலின் கதை நிகழும் ஆண்டு 1881. தோட்டக்காரரின் மகனான விச்சர் இறந்ததும் அவ்வாண்டிலேயே.