தாஜ்மஹால் போறீங்களா? முதல்ல கிழமையைப் பாருங்க

தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை லீவு.

இந்தக் கட்டுரையில் வேற எதையும் நீங்க படிக்கலைன்னாலும் பரவாயில்லை, இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. இது தெரியாம, 43 பேரை ரெண்டு ராத்திரி ரயிலில் கூட்டிட்டுப் போய், மூடின கேட் முன்னாடி நிறுத்தினவன் நான்.

போன வருஷம் டிசம்பர், எங்க சிவில் டிபார்ட்மென்ட் டூர். நான்தான் ஸ்டூடண்ட் கோ-ஆர்டினேட்டர். பெரிய எக்ஸெல் ஷீட் ஒண்ணு வெச்சிருந்தேன். வண்டி எண், பெர்த், ரூம், யார் வெஜ், யார் நான்வெஜ், யார் இன்னும் ரெண்டாவது தவணை கட்டலை, எல்லாம் அதில் இருந்துச்சு. தேதிக்கு ஒரு கட்டம் இருந்துச்சு. கிழமைக்கு இல்லை.

புதன் ராத்திரி சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினா, வெள்ளி விடியறதுக்கு முன்னாடி ஆக்ரா. அன்னைக்கு சாயங்காலமே டெல்லி. சனிக்கிழமை சைட் விசிட், ஞாயிறு ராத்திரி ரிட்டர்ன். பேப்பரில் பார்த்தா பக்கா பிளான்.

மூடுபனியில் வண்டி நாலு மணி நேரம் லேட். இறங்கினதும் ஆட்டோக்காரர் ஒருத்தர், "தாஜ்? ஆஜ் பந்த் ஹை"ன்னார். நாங்க சிரிச்சோம். ஏன்னா, "இன்னைக்கு மூடியிருக்கு"ன்னு பொய் சொல்லி மார்பிள் கடைக்குக் கூட்டிட்டுப் போவாங்கன்னு நான் ஏற்கெனவே நெட்டில் படிச்சு, கிளாஸ் குரூப்பில் எச்சரிக்கையும் போட்டிருந்தேன். அந்த மனுஷன் உண்மையைத்தான் சொன்னார். கேட் வரைக்கும் போய்ப் பார்த்த பிறகுதான் புரிஞ்சது. வெள்ளிக்கிழமை அங்க இருக்கிற மசூதியில் மதியத் தொழுகை நடக்கும், சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி கிடையாது.

யாரும் என்னைத் திட்டலைன்னு சொன்னா பொய். நல்லாவே திட்டினாங்க. ஆனா திட்டாத ஒருத்தன் இருந்தான், என் பெஞ்ச் மேட். தென்காசி பக்கம் ஊரு. அப்பா கொத்தனார். டூர் பணத்தை எல்லாரும் ரெண்டு தவணையில் கட்டினப்போ, ஸ்டாஃப்கிட்ட கேட்டு மூணு தவணையில் கட்டினவன். தமிழ்நாட்டை விட்டு அவன் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. சட்டைப் பையில் மடிச்ச ஒரு ஏ4 தாள் வெச்சிருந்தான். மேல "பார்க்க வேண்டியவை"ன்னு தலைப்பு, கீழ ஏழு பாயிண்ட். முதல் பாயிண்ட் அவங்க அப்பா சொல்லி அனுப்பினது. "அந்த நாலு தூணும் வெளிப்பக்கம் சாஞ்சு நிக்குமாமே, தூக்குக்குண்டு இல்லாம கண்ணாலேயே தெரியுதான்னு பார்த்துட்டு வா."

அன்னைக்கு ஆக்ரா கோட்டைக்குப் போனோம். மகன் ஔரங்கசீப் 1658-ல் சிறை வெச்ச பிறகு, 1666-ல் சாகிற வரைக்கும் ஷாஜகான் அங்கிருந்துதான் தாஜ்மஹாலைப் பார்த்துட்டு இருந்தார். அன்னைக்கு எங்க நிலைமையும் அதேதான், தூரத்திலிருந்து பார்க்கலாம், கிட்டப் போக முடியாது. அப்புறம் யமுனைக்கு அந்தக் கரையில் இருக்கிற மெஹ்தாப் பாக் தோட்டம். பனி முழுசா விலகலை. வெள்ளையா ஒரு நிழல் மாதிரி தெரிஞ்சுது. எல்லாரும் செல்ஃபி எடுத்துட்டு இருந்தப்போ, அவன் அந்தத் தாளை எடுத்து என் கையில் குடுத்தான். "நீ வெச்சுக்கடா. நீ எப்படியும் ஒருநாள் போவ."

கோபமா சொல்லியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

இந்த வருஷம் ஜூன்ல இன்டர்ன்ஷிப்புக்காக ஒரு மாசம் நொய்டாவில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி ஆக்ராவில் தங்கி, ஞாயிறு விடியற்காலை அந்தத் தாளோட உள்ளே போனேன். இனி நான் சொல்றதெல்லாம் அந்த ரெண்டு பயணத்திலும் கத்துக்கிட்டது.

கிழமையும் நேரமும்

வெள்ளி தவிர மத்த எல்லா நாளும் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்னாடி திறந்து, அஸ்தமனத்துக்கு அரை மணி நேரம் முன்னாடி மூடிடுவாங்க. டெல்லியிலிருந்து போற கதிமான் எக்ஸ்பிரஸ் கூட வெள்ளிக்கிழமை ஓடாது. ரயிலுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலை. டிசம்பர், ஜனவரியில் காலை பனியில் ஒண்ணும் தெரியாது, வெயில் வந்த பிறகு போங்க. கோடையில் அப்படியே தலைகீழ். விடியற்காலை போயிடுங்க, பத்து மணிக்கு மேல அந்தச் சிவப்புக் கல் தளத்தில் நடக்கிறது தண்டனை. பௌர்ணமி ராத்திரியும், அதுக்கு முன்னே ரெண்டு, பின்னே ரெண்டு ராத்திரியும் தனி டிக்கெட்டில் பார்க்கலாம். அதுவும் வெள்ளிக்கிழமையிலும் ரமலான் மாசத்திலும் கிடையாது.

தப்பித்தவறி வெள்ளிக்கிழமை மாட்டிக்கிட்டா, கோட்டை, மெஹ்தாப் பாக் ரெண்டோட இத்மத்-உத்-தௌலாவையும் சேர்த்துக்கோங்க. நூர்ஜஹான் தன் அப்பாவுக்குக் கட்டின கல்லறை அது. தாஜ்மஹாலுக்கு முன்னாடியே முழுக்க வெள்ளை மார்பிளில் கல் பதிச்சுக் கட்டினது. எங்க பிளானில் அது இல்லவே இல்லை.

டிக்கெட்

நான் போனப்போ இந்தியர்களுக்கு 50 ரூபாய், மேல மேடையில் ஏறி சமாதி வரைக்கும் போக கூடுதலா 200. தொல்லியல் துறையோட தளத்தில் ஆன்லைனிலேயே எடுத்துடலாம், வரிசை மிச்சம். "வெளியிலிருந்து பார்த்தா போதாதா, 200 ரூபாய்க்கு ரெண்டு பிரியாணி வருமே"ன்னு உங்க மனசு சொல்லும். கேட்காதீங்க. தாளில் இருந்த பாதி விஷயம் மேல ஏறினாதான் தெரியும். டிக்கெட் மூணு மணி நேரத்துக்குத்தான் செல்லும், அதனால முதல் ஒரு மணி நேரத்தை போட்டோவுக்கே செலவு பண்ணிடாதீங்க.

கேட்டும் பையும்

கிழக்கு, மேற்கு ரெண்டு கேட்டிலும் உள்ளே போகலாம். தெற்கு வாசல் வெளியே வர்றதுக்கு மட்டும். பெட்ரோல், டீசல் வண்டிகளைக் கொஞ்ச தூரத்திலேயே நிறுத்திடுவாங்க, காரணம் மார்பிளில் படியற புகை. அங்கிருந்து பேட்டரி வண்டி, இல்லைன்னா நடை. நான் கிழக்கு வாசல் வழியா போனேன், ஷில்ப்கிராம் பார்க்கிங்கிலிருந்து நடந்துடலாம்.

பையைக் காலி பண்ணிட்டுப் போங்க. சாப்பாடு, சிகரெட், லைட்டர், டிரைபாட், ஹெட்போன், சார்ஜர் எதுவும் உள்ளே விட மாட்டாங்க. எனக்கு முன்னாடி நின்ன ஒருத்தர் பையிலிருந்து மூணு சார்ஜர் வந்துச்சு, கண்டிப்பா இன்ஜினியரிங்தான். லாக்கருக்குத் திரும்பி நடந்து, மறுபடி வரிசையில் நின்னு, அரை மணி நேரம் போச்சு அவருக்கு. போன், பர்ஸ், தண்ணி பாட்டில், அடையாள அட்டை, இது நாலு போதும். சமாதிக்குள்ள போட்டோ எடுக்கக் கூடாது. மேடையில் ஏறும்போது ஷூவுக்கு உறை போடணும், இல்லைன்னா கழட்டணும்.

வாசலில் வந்து பேசற கைடு எல்லாரும் கைடு இல்லை, அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்க. போட்டோகிராஃபர்கிட்ட ஒரு போட்டோ எவ்வளவு, மொத்தம் எத்தனைன்னு முன்னாடியே பேசிடுங்க. "இன்னைக்கு பந்த்"னு யாராவது சொன்னா, போனில் என்ன கிழமைன்னு பார்த்துட்டு அப்புறம் சிரிங்க.

என்ன பார்க்கணும்

இது அவனோட தாள். அப்படியே தர்றேன்.

பெரிய வாசலில் எழுத்து வேலையைப் பாருங்க. அமானத் கான் எழுதினது. மேல போகப் போக எழுத்தைப் பெருசாக்கிட்டே போயிருக்காங்க, அதனால கீழேருந்து பார்க்கிறவங்களுக்கு எல்லாம் ஒரே அளவா தெரியுது. நாம பெர்ஸ்பெக்டிவ் வியூ போட்டு மார்க் வாங்கினதை அவங்க கல்லில் பண்ணியிருக்காங்க.

உள்ளே போய் அண்ணாந்து பாருங்க. வெளியே தெரியற அந்தக் குமிழ் உள்ளே தெரியாது. குவிமாடம் ரெண்டு, உள்ளே ஒண்ணு தாழ்வா, அதுக்கு மேல வெளியே ஒண்ணு. நடுவில் வெற்றிடம்.

எல்லாமே இடமும் வலமும் ஒரே மாதிரி. மேற்கே மசூதி, அதுக்கு ஈடா கிழக்கே அதே உருவத்தில் இன்னொரு கட்டடம், சமநிலைக்காகவே கட்டினது. அதுக்குப் பேரே "ஜவாப்", அதாவது பதில். இந்தக் கணக்கு உடையற இடம் ஒண்ணுதான். மும்தாஜோட கல்லறை சரியா நடுவில் இருக்கு, பின்னாடி சேர்த்த ஷாஜகானோட கல்லறை பக்கத்தில் தள்ளி இருக்கு. நாம பார்க்கிற ரெண்டும் அடையாளத்துக்குத்தான், உண்மையான கல்லறைகள் கீழ்த்தளத்தில்.

சுவரில் இருக்கிற பூ எல்லாம் பெயின்ட் இல்லை. மார்பிளைக் குடைஞ்சு, வண்ணக்கல்லை வெட்டிப் பதிச்சது. அஸ்திவாரத்துக்குக் கிணறு கிணறா தோண்டி, கல்லும் சுண்ணாம்புமா நிரப்பி, அது மேல கட்டியிருக்காங்க. ஆத்தங்கரை மண்ணில் 73 மீட்டர் உயரம். பின்பக்கம் போய் யமுனையைப் பார்த்துட்டு நின்னீங்கன்னா, அந்த வேலை எவ்வளவு பெருசுன்னு புரியும். எதிர்க்கரையில் மெஹ்தாப் பாக் தெரிஞ்சுது. டிசம்பர்ல நாங்க நின்ன இடம்.

கடைசியா, முதல் பாயிண்ட். நாலு மினாரும் வெளிப்பக்கம் லேசா சாஞ்சிருக்கு, இடிஞ்சாலும் சமாதி மேல விழாமல் இருக்க. நான் ஒவ்வொண்ணா சுத்தி வந்து பார்த்தேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், போனை நேரா பிடிச்சுப் பார்த்தேன். தெரியலை.

அங்கேயே நிழலில் உட்கார்ந்து அவனுக்குப் போன் பண்ணினேன். எங்க இருக்கேன்னு சொன்னதும், "இரு, அப்பாகிட்ட குடுக்கேன்"னான்.

"என்ன தம்பி, சாஞ்சு நிக்கது தெரியுதா?"

"கண்ணுக்குத் தெரியலைப்பா."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "தெரியாதுல்லா. தெரிஞ்சா அது வேலையா?" அப்புறம் கேட்டார், "கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல சந்து எப்படி இருக்கு?"

அது தாளில் இல்லாத கேள்வி. எழுந்து போய்ப் பார்த்தேன். மினாரில் ஒவ்வொரு மார்பிள் கல்லோட இணைப்பிலும் கறுப்புக் கல்லைக் கோடு மாதிரி பதிச்சிருக்காங்க. சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. "இணைப்ப மறைக்காம, கோடு போட்டுக் காட்டிருக்கான். அவனுக்குத் தைரியம்தான்"னார்.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு மறக்காது. "அன்னைக்கு நீங்க எல்லாரும் போனப்ப பனி மூடிக் கெடந்துச்சாம்லா. உள்ள போயும் ஒண்ணும் தெரியலன்னு வந்து சொன்னான். பாவம், நீயாவது பாத்தியே தம்பி."

என்ன சொல்றதுன்னு தெரியலை. "ஆமாப்பா, பனி"ன்னேன்.

ராத்திரி அவனுக்கு மெசேஜ் போட்டேன், ஏன்டா அப்படிச் சொன்னேன்னு. "பனியும் இருந்துச்சுல்லடா"ன்னு பதில் வந்துச்சு. அதுக்கு மேல அவனும் பேசலை, நானும் பேசலை.

43 பேருக்கு நான் இழப்பு ஏற்படுத்தினேன். அதில் பாதிப் பேர் வேலைக்குப் போய், ஒரு லாங் வீக்எண்டில் ஃபிளைட் பிடிச்சுப் போயிடுவாங்க. எல்லாருக்கும் அது அவ்வளவு சுலபம் இல்லை. நீங்க பிளான் போடற ஒரு டூர், உங்க கிளாஸில் யாரோ ஒருத்தர் வீட்டில் பல மாசம் சேர்த்து வெச்ச காசு. அவங்க வீட்டில் ஒருத்தர், "பார்த்துட்டு வந்து சொல்லு"ன்னு ஒரு கேள்வியும் குடுத்து அனுப்பியிருப்பாங்க. கோ-ஆர்டினேட்டரா இருக்கிறவங்க கையில் அதுவும்தான் இருக்கு.

இந்த வருஷ டூருக்கு ஜூனியர்ஸ் என் எக்ஸெல் ஷீட்டைக் கேட்டாங்க. அனுப்பிட்டேன். தேதிக்குப் பக்கத்தில் கிழமைன்னு ஒரு கட்டம், அதுக்குப் பக்கத்தில் "அன்னைக்கு திறந்திருக்குமா?"ன்னு இன்னொரு கட்டம் புதுசா சேர்த்திருக்கேன். ரெண்டு பேர் தனித்தனியா பார்த்து டிக் பண்ணுங்க.