காற்றை அளக்கப் போன கருவி

பெரும்பொழுது ஆறனுள் இரண்டைப் பனிக்கு ஒதுக்கிய மொழி நம்முடையது. ஆயினும் முன்பனியும் பின்பனியும் புல்நுனியில் தங்கி, வெயில் ஏறியதும் காணாமற்போகும் பனிதான். கடலில் மலைபோல மிதந்து செல்லும் உறைநீருக்கு நம் முன்னோரிடம் சொல் இல்லை, இருந்திருக்கவும் வழியில்லை. பின்னாளில் பாடநூலார் 'பனிப்பாறை' என்றார்கள். எனக்கு அச்சொல்லில் சிறு மனக்குறை உண்டு. பாறை என்பது கிடந்த இடத்திலேயே கிடப்பது. நான் சொல்லவந்ததோ நகர்வது. நகர்வதாலேயே நாள்தோறும் கண்காணிக்கப்படுவது. வேறு நல்ல சொல் கிட்டும்வரை இதையே வைத்துக்கொள்வோம்.

தமிழ் கற்பிப்பவருக்குத் தென்துருவத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். வழி காற்றிலிருந்து தொடங்குகிறது. 2011 டிசம்பர் 30 காலை 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. கதிர்காமத்தில் (முருகன் கோயில் கொண்ட ஈழத்துக் கதிர்காமம் அன்று, எங்கள் புதுச்சேரிக் கதிர்காமம்) இரவெல்லாம் உறங்காமல் விழித்திருந்தோம். விடிந்து பார்த்தால் தெருவில் நிழல் என்பதே இல்லை. முருங்கை விழும் என்று தெரியும். வேம்பும் விழுந்து கிடந்தது. மின்சாரம் வராத அந்நாட்களில் மனத்தில் ஒரே கேள்வி: கடலின் நடுவே வீசும் காற்றின் வேகத்தை யார், எப்படி அளக்கிறார்கள்? அங்கே கம்பம் நட்டுக் கருவி வைக்க முடியாதே.

விடை வானத்தில் இருந்தது. 2009 செப்டம்பர் 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஓஷன்சாட்-2 செயற்கைக்கோளில் 'ஸ்கேட்டராமீட்டர்' என்றொரு ராடார் கருவி இருந்தது. அது நுண்ணலைத் துடிப்புகளைக் கடலை நோக்கி அனுப்பும். மீண்டுவரும் எதிரொலி எவ்வளவு வலிமையானது என்று அளக்கும். காற்று கடல்முகத்தில் எழுப்பும் சிற்றலைகளுக்கு ஏற்ப எதிரொலி மாறும். அந்த மாற்றத்திலிருந்து காற்றின் வேகத்தையும் திசையையும் கணக்கிடுகிறார்கள். அதற்கென்றே படைக்கப்பட்ட கருவி அது.

வியப்பு இதற்குப் பிறகுதான். துருவங்களை ஒட்டிச் சுற்றும் கோள், ஒவ்வொரு சுற்றிலும் துருவப் பகுதியைத் தொட்டுத்தான் திரும்பவேண்டும். நம் வங்கக் கடலை நாளுக்கு ஓரிரு முறை பார்க்கும் கருவி, அண்டார்க்டிகாவின் கரையைப் பலமுறை பார்க்கிறது. பன்னூறாண்டுப் பொழிவு இறுகி உருவான நிலப்பனிக்குள் ராடார் அலை புகுந்து, உள்ளிருக்கும் காற்றுக் குமிழ்களில் சிதறி வலுவாகத் திரும்பும். உப்பு கலந்த கடற்பனியிலிருந்து வரும் எதிரொலி பொதுவாக அத்தனை வலுவாக இராது. ஆகவே இருண்ட பரப்பில் வெண்புள்ளியாகப் பனிப்பாறை தெரியும். மேகமும் தடையில்லை, மாதக்கணக்கில் நீளும் துருவ இரவும் தடையில்லை. தடையாவது எது தெரியுமா? காற்றுதான். பலத்த காற்றில் திறந்த கடலும் பளிச்சென்று தெரிந்து பனிப்பாறையை மறைத்துவிடும். எதை அளக்கப் போனார்களோ அதுவே இங்கே இடையூறு. கோடையில் மேற்பரப்பு உருகி ஈரமானாலும் எதிரொலி மங்கிவிடும்.

இத்துறையின் பயனை உலகம் உணர்ந்த தருணங்களில் ஒன்று 1999. மேகத்தின் கீழே பார்வைக்குத் தப்பியிருந்த பி-10ஏ என்னும் பெரும்பாறை, தென்னமெரிக்க முனைக்குத் தெற்கே டிரேக் நீரிணையின் கப்பல் வழியை நோக்கி மிதந்து வந்தது. அவ்வாண்டு ஜூனில் ஏவப்பட்ட அமெரிக்காவின் குவிக்ஸ்கேட், அடுத்த மாதமே அதைக் கண்டுபிடித்தது. நம்முடைய முறை பின்னர் வந்தது. 2017 ஜூலையில் லார்சன்-சி என்னும் மிதக்கும் பனித்தட்டிலிருந்து ஏ-68 பிரிந்தபோது, முந்தைய ஆண்டு ஏவப்பட்டிருந்த நம் ஸ்கேட்சாட்-1 அந்தப் பிரிவைப் பதிவு செய்தது. அப்பாறையின் பரப்பு சுமார் 5,800 சதுர கிலோமீட்டர். காரைக்கால், மாகே, ஏனாம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் எங்கள் ஒன்றியப் பிரதேசம் அதில் பன்னிரண்டில் ஒரு பங்குதான்! 2019 செப்டம்பரில் ஏமரி பனித்தட்டிலிருந்து பிரிந்த டி-28 இன்னும் அண்மையானது. அத்தட்டு முடியும் பிரிட்ஸ் விரிகுடாவின் கரையில்தான் 2012 முதல் இந்தியாவின் பாரதி நிலையம் இயங்குகிறது. அங்கே செல்லும் கப்பலுக்கு இந்த வரைபடங்கள் அலங்காரப் பொருள் அல்ல.

பெயர்களில் கவிதை இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டேன். அமெரிக்க தேசியப் பனி மையம் அண்டார்க்டிகாவை நான்கு கால்வட்டங்களாகப் பிரித்து ஏ, பி, சி, டி என்கிறது. பாறை பிறந்த பகுதியின் எழுத்து, பிறந்த வரிசையின் எண், உடைந்தால் துண்டுக்கு இன்னோர் எழுத்து. ஊரும் குடிவழியும் கொண்டு ஆளைச் சுட்டும் நம் பழைய வழக்கத்துக்கு இது அவ்வளவு தொலைவானதாக இப்போது தோன்றவில்லை.

அவற்றுள் நான் மனம்வைத்துப் பின்தொடர்ந்தது ஏ-23ஏ. தாய்ப்பாறை ஃபில்க்னர் பனித்தட்டிலிருந்து 1986 இல் பிரிந்தபோது அதன்மேல் ஒரு சோவியத் ஆய்வு நிலையமே இருந்தது. நான் அப்போது தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். விரைவிலேயே ஏ-23ஏ வெடல் கடலின் தரையில் தட்டி நின்றுவிட்டது. நான் படித்து முடித்து, வேலைக்கு வந்து, சில நூறு மாணவர்களை அனுப்பிவைத்த காலமெல்லாம் அது அங்கேயே நின்றது. 2020 வாக்கில் மெல்ல அசைந்து, பின் வடக்கே புறப்பட்டது. 2024 இல் தெற்கு ஓர்க்னித் தீவுகளுக்கு அருகே கடலடி மேடு ஒன்றின்மேல் உருவாகும் நீர்ச்சுழலில் அகப்பட்டு, நாளொன்றுக்குச் சுமார் 15 பாகை வீதம் நின்ற இடத்திலேயே மாதக்கணக்கில் சுழன்றது.

அது சுழன்றுகொண்டிருந்த அதே நாட்களில், 2024 நவம்பர் 30 இரவு, 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. கதிர்காமத்தில் தண்ணீர் வாசற்படியைத் தொட்டது. வங்கக் கடலில் அந்தக் காற்றை அளந்துகொண்டிருந்தவற்றுள் ஒன்று, 2022 இல் ஏவப்பட்ட நம் இஓஎஸ்-06 கோளின் ஸ்கேட்டராமீட்டர். துருவத்தை ஒட்டித் திரும்பும்போது தென்கடலும் அதன் பார்வைக்குள் வரும். படிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த இரவில் இது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் பொய். மறுவாரம் நினைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது.

ஏ-68 தெற்கு ஜார்ஜியத் தீவை நெருங்கியபோது அங்குள்ள பென்குயின்களின் வழி அடைபடுமோ என்று அஞ்சினார்கள். அடைபடவில்லை. அது உருகியது. மூன்று மாதங்களில் 152 பில்லியன் டன் நன்னீர் அத்தீவைச் சுற்றிய கடலில் கலந்ததாக ஆய்வாளர்கள் கணித்தனர். மேட்டூர் அணையை 57 முறை நிரப்பும் நீர். 2021 ஏப்ரலில் எஞ்சிய துண்டுகள் பட்டியலில் இடம்பெறும் அளவுக்குக் கீழே சுருங்கின. ஏ-23ஏயும் அதே தீவருகே 2025 மார்ச்சில் தரைதட்டி, மீண்டும் மிதந்து, செப்டம்பருக்குள் பாதிக்கும் குறைவாகிவிட்டது. நீளம் பத்துக் கடல்மைலும் பரப்பு இருபது சதுரக் கடல்மைலும் இல்லாத துண்டுக்கு அந்தப் பட்டியலில் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை.