மீட்புச் சந்து

ஐரோப்பியக் கோடையில், குறிப்பாக ஆகஸ்டுத் திங்களில், ஜெர்மனி நாட்டுப் பங்குக் குருக்கள் விடுமுறைக்குச் செல்வதும், அவர்களுக்கு மாற்றாக நம் நாட்டுக் குருக்கள் சிலர் அங்குச் சென்று திருப்பலி நிறைவேற்றி வருவதும் வாசகர் பலர் அறிந்ததே. சென்று திரும்புவோரிடம் பேராலயங்களைப் பற்றிக் கேட்பார்கள். குளிரைப் பற்றியும் உணவைப் பற்றியும் கேட்பார்கள். சாலைகளைப் பற்றி எவரும் கேட்பதில்லை. பவேரியாவின் ஆக்ஸ்பர்க் மறைமாவட்டத்தில் ஒரு கோடைக்காலம் பணிபுரிந்த நமக்கோ, பேராலயங்களைக் காட்டிலும் சாலைகளே மிகுதியாகப் போதித்தன.

குருக்களின் எண்ணிக்கை அருகிவிட்டமையால், அங்கே மூன்று நான்கு ஊர்களின் ஆலயங்கள் ஒரே குருவின் பொறுப்பில் விடப்பட்டிருக்கின்றன. ஞாயிறு காலை ஓர் ஊரில் பூசை முடியும்போதே அடுத்த ஊரில் மணி அடிக்கத் தொடங்கியிருப்பார்கள். கார் ஓட்டத் தெரியாத குருவால் அங்கே காலந்தள்ள முடியாது. ஆகவே ஊரிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைப் பெற்றுக்கொண்டுதான் விமானம் ஏறினோம். அந்நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்புறமாகச் செல்லும்; ஓட்டுநர் இருக்கை இடப்புறம் இருக்கும். இடக்கையால் கியர் மாற்றிப் பழகிய நமக்கு, சிலுவை அடையாளம் வரையும் கையே கியரையும் மாற்ற வேண்டியதாயிற்று. இவை உடலின் பழக்கங்கள். ஒரு வாரத்தில் வசப்பட்டன. மனத்தின் பழக்கங்களுக்குத்தான் நாள் பிடித்தது.

ஒவ்வோர் ஊரின் எல்லையிலும் அதன் பெயர் எழுதிய மஞ்சள் பலகை நிற்கிறது. வேகத்தைக் குறைக்கச் சொல்லும் எண் அதில் இல்லை. ஊரின் பெயரைக் கண்டாலே மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகலாகாது என்பது சட்டம். இங்கே மனிதர் வாழ்கின்றனர் என்பதே போதிய எச்சரிக்கை என்று கொண்டார்கள் போலும். குடியிருப்புத் தெருக்கள் பலவற்றில் வரம்பு 30. அத்தெருக்களின் சந்திப்பில் விளக்கும் இராது, காவலரும் இரார். வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முதலிடம். வருவது ஒரு சிறுமியின் சைக்கிளாயினும், காத்து நிற்பது விலையுயர்ந்த பென்ஸ் காராயினும் விதி ஒன்றே. ஊருக்குள் ஆபத்தை உணர்த்துவதற்கன்றி ஹாரன் அடிக்கலாகாது. நம் ஊரில் ஹாரன் என்பது ஒருவகைப் பேச்சு. 'வருகிறேன்', 'விலகு', 'என்ன அண்ணே, சௌக்கியமா' எல்லாம் அதில் அடங்கிவிடும். அந்தப் பேச்சு இல்லாத தெருக்களில் முதல் சில நாள்கள் நமக்குச் சற்றுத் தனிமையாகவே இருந்தது.

'ஆட்டோபான்' எனப்படும் அந்நாட்டு நெடுஞ்சாலைகளைப் பற்றி நம் இளைஞர்கள் அறிந்தது ஒன்றே: அங்கே வேகத்துக்கு வரம்பில்லை. பொதுவான வரம்பு இல்லை என்பது மெய்தான். ஆயினும் 130 கிலோமீட்டர் என்பது பரிந்துரைக்கப்பட்ட வேகம். பல பகுதிகளில் கட்டாய வரம்புகளும் உண்டு. நாம் அங்கே கண்ட வியப்போ, வண்டிகள் ஓடியபோது அன்று, அவை நின்றபோதே வாய்த்தது.

வெள்ளிக்கிழமைப் பிற்பகல். ஆக்ஸ்பர்க்குக்கும் உல்முக்கும் இடையே, எட்டாம் எண் ஆட்டோபானில், விடுமுறைக்குச் செல்லும் குடும்பங்களின் கார்கள் மூன்று தடங்களிலும் நிறைந்து சென்றன. ஜெர்மனியின் முதலாவது 'ஆட்டோபான் ஆலயம்' அவ்வழியில்தான், அடெல்ஸ்ரீடு என்னும் ஊரருகே இருக்கிறது. பயணிகளின் பாதுகாவலியான மரியன்னையின் பெயரால் 1958-ஆம் ஆண்டு எழுப்பப்பட்டது. அங்கே சற்று நேரம் செபித்துவிட்டு மீண்டும் சாலையில் ஏறியிருந்தோம். முன்னே சிவப்பு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. வேகம் நடை வேகமாயிற்று. சைரன் ஒலி எதுவும் கேட்கவில்லை. என்ன நேர்ந்தது என்று எவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. ஆயினும் இடக்கோடித் தடத்தில் இருந்த கார்கள் அனைத்தும் இடப்புறம் ஒதுங்கின. மற்ற இரு தடங்களில் இருந்தவை வலப்புறம் ஒதுங்கின. நாமும் ஒதுங்கினோம். அடர்ந்த அக்கூட்டத்தின் நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெற்றுப் பாதை ஒன்று திறந்தது. செங்கடல் பிளந்தது போல என்று எழுதக் கை துடிக்கிறது. மறையுரை ஆற்றுவோர்க்கு உரிய பலவீனம் அது, வாசகர் பொறுத்தருள்க. பல நிமிடங்கள் அந்தப் பாதை வெறுமையாகவே கிடந்தது. ஒரு மோட்டார் சைக்கிள்கூட அதில் நுழையவில்லை. பின்னர் ஓர் ஆம்புலன்சு வந்தது; அடுத்து ஒரு தீயணைப்பு வண்டி; மீண்டும் ஓர் ஆம்புலன்சு. எவையும் எங்கும் தயங்கி நிற்கவில்லை. அவை போன பின்னரும் எவரும் பாதையை மூடவில்லை. இன்னொன்று வரலாம் அல்லவா?

அப்பாதைக்கு அவர்கள் இட்ட பெயர் 'ரெட்டுங்ஸ்காஸே'. 'ரெட்டுங்' என்றால் மீட்பு. 'காஸே' என்றால் சந்து. ஆன்மாவின் மீட்பைச் சொல்லவும் அவர்கள் அச்சொல்லை வழங்குவதுண்டு. வண்டிகள் நடை வேகத்துக்கு இறங்கிய உடனேயே இச்சந்தைத் திறந்துவிட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். சைரன் கேட்ட பிறகு ஒதுங்கலாம் என்று காத்திருப்பதில் பயனில்லை. முன்னும் பின்னும் நெருக்கி நின்றுவிட்ட வண்டிக்கு அப்போது அசைய இடமிராது. கூக்குரல் எழுமுன்னரே வழிவிட்டாக வேண்டும்.

எரிகோவுக்குப் போகும் சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு, குருவும் லேவியரும் விலகிப் போனதாக ஆண்டவர் உவமை சொன்னார். அதில் ஒரு குரு வருவதால், அப்பகுதியை வாசிக்கும் ஞாயிறுகளில் நமக்குச் சற்றே நெருடும். அங்கே விலகிப் போனது குற்றம். இந்தச் சாலையிலோ விலகி நிற்பதே உதவி. தம் பயணம் தடைபடாதிருக்க விலகினார் அந்தக் குரு. முகமறியாத ஒருவனுக்கு உதவி தடைபடாதிருக்க விலகுகிறார் இந்தக் காரோட்டி. விபத்தைக் கண்டும் இயன்ற உதவி செய்யாமல் போவோருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கவும் ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தில் இடமுண்டு. முதலுதவிப் பயிற்சி பெறாதவருக்கு அங்கே ஓட்டுநர் உரிமம் இல்லை. முதலுதவிப் பெட்டி இல்லாத கார் சாலைக்கு வரலாகாது.

அவர்கள் பிறவியிலேயே ஒழுங்கானவர்கள், நமக்கு அது வராது என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். அது சோம்பலின் பேச்சு. 1970-ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியின் சாலைகளில் மட்டும் 19,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் 1972-இல் ஊர்ப்புறச் சாலைகளுக்கு வேக வரம்பு வந்தது. 1976-இல் முன்னிருக்கைகளில் இருக்கைப் பட்டை கட்டாயமாயிற்று. பலர் அதை அணியாமலே ஓட்டியதால், 1984-இல் அபராதமும் வந்தது. இன்று ஒன்றுபட்டு, எட்டுக் கோடிக்கு மேல் மக்கள்தொகை கொண்ட அந்நாட்டில், 2022-இல் சாலையில் இறந்தோர் மூவாயிரத்துக்கும் குறைவு. அதே ஆண்டில், மக்கள்தொகையில் அதைவிடச் சிறிய நம் தமிழ்நாட்டில் இறந்தோர் 17,884 பேர். மேலும், அந்த மீட்புச் சந்துங்கூட எப்போதும் திறந்துவிடுவதில்லை. 2017 ஜூலை 3 அன்று மியூன்ஷ்பெர்க் அருகே ஒன்பதாம் எண் ஆட்டோபானில் பேருந்து ஒன்று தீப்பற்றி 18 பேர் மாண்டபோது, வழிவிடாதவர்களாலும் வேடிக்கை பார்த்தவர்களாலும் மீட்புப் பணி தடைபட்டது. நாடே வெட்கியது. 20 யூரோவாக இருந்த அபராதம் அவ்வாண்டிலேயே குறைந்தது 200 யூரோவாக உயர்த்தப்பட்டது.

நம் மக்களிடம் இரக்கம் குறைவு என்று நாம் ஒருபோதும் சொல்ல மாட்டோம். நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சென்றபோது அடிபட்டு விழுந்தார். தேநீர்க் கடைக்காரர் அடுப்பை அப்படியே விட்டு ஓடிவந்தார். லாரி ஓட்டுநர் ஒருவர் தம் தோள் துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டார். 108 வண்டியும் விரைந்து வந்தது. ஆனால் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க அதற்கு இருபது நிமிடங்களாயின. வழிவிட மனமில்லாமல் அன்று, வழிவிட இடமில்லாமல் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. சற்றே திறந்த இடத்திலும் ஆம்புலன்சின் வாலைப் பிடித்துக்கொண்டு இரு சக்கர வண்டிகள் புகுந்தன. மருத்துவமனை வாயிலில் நாம் அவருக்கு நோயில்பூசுதல் அளித்தபோது உயிர் போய்க்கொண்டிருந்தது. "சாமி, இன்னும் கொஞ்சம் முன்னால வந்திருந்தா பிழைச்சிருப்பானா?" என்று அவர் தாயார் நம் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். குருமடத்தில் கற்ற எந்த இறையியலும் அதற்குப் பதில் தரவில்லை.

சட்டங்கள் நம்மிடமும் இப்போது உண்டு. அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வோரைக் காவல்துறையும் மருத்துவமனையும் தொல்லைப்படுத்தலாகாது என்னும் நெறிமுறைகளை 2016-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அப்பாதுகாப்பைச் சட்டமாக்கியது. ஆம்புலன்சுக்கு வழிவிடாதவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் அச்சட்டத்திலேயே உண்டு. திருச்சபையும் வாளாவிருக்கவில்லை. 2007-இல் வத்திக்கான் சாலைப் பயணிகளின் மேய்ப்புப்பணிக்கென ஓர் ஏட்டை வெளியிட்டு, ஓட்டுநர்களுக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தது. அவற்றுள் முதலாவது, நம் ஐந்தாம் கட்டளையாகிய கொலை செய்யாதிருப்பது.

இப்போதெல்லாம் புது வண்டியை மந்திரிக்கக் கொண்டுவருவோரிடம் தீர்த்தம் தெளிக்குமுன் ஓட்டுநர் உரிமத்தையும் தலைக்கவசங்களையும் கேட்டுப் பார்க்கிறோம். நெரிசலில் ஆம்புலன்சு வந்தால் எப்பக்கம் ஒதுங்குவாய் என்றும் கேட்கிறோம். சென்ற மாதம் ஒரு குடும்பத்தார் மகனுக்கு வாங்கிய மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தனர். தலைக்கவசம் ஒன்றுதான் இருந்தது. பின்னால் அமர்ந்து வந்த தாயாருக்கு இல்லை. மந்திரிப்பை மறுநாள் காலைப் பூசைக்குப் பின் வைத்துக்கொள்ளலாம் என்றோம். தந்தைக்குச் சற்று வருத்தந்தான். மறுநாள் இரண்டாவது தலைக்கவசத்துடன் வந்தார்கள். சக்கரத்தின் கீழ் வைக்க எலுமிச்சம்பழமும் கொண்டுவந்திருந்தார்கள்.